திடலைப் பார்த்த மனை

முள்வேலிக் கேட்டில் என் சேலை மடிப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே மவுரீன் அந்தச் செய்தியைச் சொன்னாள். தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் மடியில் அரிசி ஒளித்துக்கொண்டு போகிறார்களா என்று சோதிப்பது அவள் உத்தியோகம். காட்டில் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. இந்த இரண்டு வருடத்தில் என் மடியில் அவள் கண்டெடுத்தது வெற்றிலைப் பொட்டலமும் ஒருமுறை ஒரு சீப்பும்தான். ஆனாலும் தினமும் தடவுவாள். பேசாமல் தடவினால் இருவருக்கும் கூச்சமாக இருக்கும் என்பதால் ஏதாவது பேசிக்கொண்டே தடவுவாள்.

“ஒங்க வீட்டு அண்ணன் நேத்து கவுன்சில்ல ஒரே போடா போட்டுட்டாராம்லா அக்கா. பெர்னாட் வந்து சொன்னாரு. புது வீடு கட்டுனா இனிமே அம்பது வெள்ளியாம்.”

“எதுக்கு அம்பது?”

“திடல் காசுதான். அஞ்சு வெள்ளியா இருந்துச்சில்ல? ரெண்டு பக்கமும் சரிசமமா நின்னாங்களாம். அண்ணன் கை தூக்குனதாலதான் பாஸாச்சாம். ஒங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. பின்னால் நின்ற பெண்களுக்குத் தெரிந்திருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். “தெரியாம என்னா?” என்று சொல்லிவிட்டு வாளிகளை எடுத்துக்கொண்டு நடந்தேன். மவுரீனின் புருஷன் பெர்னாட் கவுன்சிலில் கிளார்க். அவர் வாயிலிருந்து வந்தால் அது பொய்யாக இருக்காது.

என் வீட்டுக்காரர் பெயரை நான் சொல்லக் கூடாது. ஆனால் கவுன்சில் ஆபீஸ் பலகையில் அவர் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதிப் போட்டு ஊரே வாசிப்பதால் நான் எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது. உடையப்பன். தமிழாட்கள் சார்பில் ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டபோது மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், இவர் குனியவில்லை. அப்படித்தான் கவுன்சிலர் ஆனார்.

எங்கள் ஊருக்கு, இங்கே கம்பம் என்போம், தெராத்தாய் என்று பெயர், கோலசிலாங்கூர் ரோட்டில் இருக்கிறது. மலாயில் தாமரை என்று அர்த்தமாம். தாமரையை நான் அங்கே பார்த்ததில்லை, சேற்றைப் பார்த்திருக்கிறேன். ஐம்பத்தொன்றாம் வருடம் தோட்டத்து லய வீடுகளிலிருந்து எங்களை லோரியில் ஏற்றிக்கொண்டுவந்து முள்கம்பிக்குள் இறக்கிவிட்டார்கள். வேலிக்குள் எத்தனை பேர் அடங்குவார்கள் என்று கணக்குப் போட்டவர், அவர்கள் கைகால் நீட்டுவார்கள் என்பதை மறந்துவிட்டார். ஒரு வீட்டுத் தகரத்தில் வழியும் மழை அடுத்த வீட்டுச் சுவரில்தான் விழும். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் நாலு வீட்டில் சோறு இறங்கும். வரைபடத்தில் மட்டும் நடுவில் ஒரு சதுரம் போட்டுத் திடல் என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சதுரத்தில் தண்ணீர் தேங்கித் தவளை கத்தியது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் ஆளுக்கு ஐந்து வெள்ளி கட்டவேண்டும், சேர்ந்த காசில் மண் கொட்டித் திடல் ஆக்கவேண்டும் என்று ஆரம்பத்திலேயே ஏற்பாடு. ஐந்து வெள்ளிக்கு எவ்வளவு மண் வரும் என்று தவளைக்கே தெரியும்.

நாங்கள் என் வீட்டுக்காரரின் அண்ணன், அதாவது என் மூத்தார், வீட்டில் ஒண்டியிருந்தோம். மூத்தார், அவர் பெண்சாதி காளியம்மா அக்கா, நான்கு பிள்ளைகள், நாங்கள் இருவர். வீட்டின் பின்மூலை எங்களுடையது. மூலைக்கு எல்லை என் பழைய சேலை ஒன்று, கயிற்றில் தொங்கியது. கல்யாணமாகி ஏழு வருடமும் எனக்குச் சேலைதான் சுவர். லயத்தில் பச்சைச் சேலை, இங்கே வந்தபிறகு ஊதாச் சேலை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் புரண்டு படுத்தால் காளியம்மா அக்காவுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் இருமினால் மூத்தார் “என்னாடா, சளியா?” என்று கேட்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லாததற்கு ஊரில் பலர் பல காரணம் சொன்னார்கள். ராசா டவுனில் ஒரு வைத்தியர் சூரணம் கொடுத்தார். எனக்கு மட்டும் ஒரே காரணம்தான் தோன்றும். கதவு இல்லை. புருஷனும் பெண்சாதியும் ஏழு வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டே வாழ்ந்தால் பிள்ளை எங்கிருந்து வரும்? இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அதனால் எனக்கு ஒரு வீடு வேண்டும். பெரிய வீடெல்லாம் இல்லை. நாலு சுவர், மேலே தகரம், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு. அந்த வருடம் சேற்றுத் திடலைச் சுற்றிப் புது மனைகள் அளந்தார்கள். திடலைப் பார்த்த வரிசையில் கடைசி மனையை நான் மனதில் குறித்துவைத்தேன். எதிரே திடல் என்பதால் வாசலை அடைத்துக்கொண்டு யாரும் வீடு கட்ட முடியாது. பலகைக்கும் தகரத்துக்கும் ஐந்து வெள்ளிக் கட்டணத்துக்கும் சேர்த்துவைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பெர்னாட்டிடம் மனைக்கான விண்ணப்பப் பாரத்தைக் கொடுப்பதாக இருந்தோம். கூட்டம் நடந்தது செவ்வாய்க்கிழமை.

லயத்திலும் சரி கம்பத்திலும் சரி, எங்களால் சத்தம் போட்டுப் பேச முடிகிற ஒரே இடம் ரப்பர் காடுதான். நான் பால் வெட்டும் மர நிரையும் அவர் நிரையும் பக்கத்துப் பக்கத்து நிரை. நான் என் முதல் மரத்துக்குப் போகாமல் நேராக அவர் மரத்துக்குப் போனேன்.

“ஏங்க, நேத்து கூட்டத்துல என்னா செஞ்சிட்டு வந்தீங்க?”

அவர் கத்தியை நிறுத்தாமல் பட்டையைச் சீவிக்கொண்டிருந்தார். “சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

“எப்ப? வீடு கட்டி முடிச்சப்புறமா?”

“அங்க எப்படிப் புள்ள சொல்லுறது? அண்ணன், அண்ணி, புள்ளைங்க எல்லாம் கேட்டுக்கிட்டிருக்கும்.”

“மவுரீனு கேட்டுல வெச்சி சொல்லுறா. ஊரே கேட்டுச்சி. ஒரு அஞ்சு நாள் பொறுத்தா நம்ம பாரம் உள்ள போயிருக்கும்ல? பழைய காசுலயே முடிஞ்சிருக்கும்ல?”

“கூட்டத்துல அந்தச் சீனக் கடைத் தவுக்கேயும் அதத்தான் சொன்னாரு. அடுத்த மாசத்துலேர்ந்து வாங்கலாம்னு.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“இன்னிலேர்ந்துன்னேன்.”

பால் பட்டையில் இறங்கி மங்குக் கிண்ணத்தில் சொட்ட ஆரம்பித்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

“நம்ம பாரத்த உள்ள தள்ளிட்டு அப்புறம் நான் கைய தூக்குனா,” என்றார் அவர், “அடுத்தாப்புல கட்ட வர்றவன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது?”

“என் மூஞ்சிய எப்படிப் பாப்பீங்க?”

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்திருந்தால் என் பெயர் ஏன் சின்னத்தாய்? “நமக்கு என்னா புள்ளையா குட்டியா, திடலு கேக்குது?” என்றேன்.

அவர் மங்குக் கிண்ணத்தை ஒருமுறை நேராக்கி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

அவர் ஏன் கை தூக்கினார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. காளியம்மா அக்காவின் கடைசிப் பெண் பவளம். அப்போது அவளுக்கு ஐந்து வயது இருக்கும். வேலியை ஒட்டி உள்பக்கமாகச் சுற்றிலும் ஒரு பட்டை வெட்டவெளி விட்டிருந்தார்கள், காவல்காரன் கண்ணுக்கு எதுவும் மறைக்கக் கூடாது என்று. யாரும் அதில் கால் வைக்கக் கூடாது. கம்பம் முழுவதும் பார்த்தாலும் பிள்ளைகள் ஓடக்கூடிய அளவுக்கு நீளமான இடம் அது ஒன்றுதான். பிள்ளைகள் பிறகு எங்கே ஓடும்? ஒரு சாயங்காலம் ஊரடங்குக்குச் சற்று முன்னால் டின் மூடியை உருட்டிக்கொண்டு பவளமும் இன்னும் சிலரும் அதில் ஓடினார்கள். காவல் கோபுரத்தில் இருந்தவன் புதியவன். அசைந்தது என்ன என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துச் சுட்டான். யாருக்கும் அடிபடவில்லை. மற்றப் பிள்ளைகள் பறந்துவிட்டார்கள். இவள் மட்டும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். “சுடாதே, சுடாதே” என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அந்த வெட்டவெளியில் நடந்துபோய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தவர் என் வீட்டுக்காரர். அவர் சட்டை முழுக்க அவள் நனைத்துவிட்டிருந்தாள். அன்று அவர் அந்தச் சட்டையைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அதன்பிறகு பவளம் ஓடுவதில்லை. நடப்பாள், சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பாள். குழாயடிக்குப் போகச் சொன்னாலும் வீடு வீடாகப் பலகையைத் தடவிக்கொண்டே போவாள். சுவர் முடிகிற இடத்தில் நின்றுவிடுவாள்.

எல்லாம் தெரியும். தெரிந்தாலும் ஒரு கதவுக்காக ஏழு வருடம் காத்திருந்தவளுக்கு அஞ்சு நாள் கொடுத்திருக்கலாம் இல்லையா? நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். ஒரே சேலைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு பேசாமலிருப்பது எளிது, அங்கே எப்போதும் பேச்சு இல்லைதான். காட்டில்தான் கஷ்டமாக இருந்தது. நிரையின் கடைசியில் எனக்காக நிற்பார், நான் மரத்தைப் பார்ப்பேன். ஆனாலும் பால் நிறைந்த என் வாளிகளை ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போனது அவர்தான். வேண்டாம் என்று சொல்வதற்கும் பேச வேண்டியிருக்குமே என்று நான் விட்டுவிட்டேன்.

புதுக் கட்டணம் ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஏற்கனவே வீடு இருப்பவர்கள் ஒரு காசு கட்டாமல் திடலில் காற்று வாங்கப் போகிறார்கள், இடமில்லாமல் தவிக்கிறவன் தலையில்தான் ஐம்பது வெள்ளி என்று பேசினார்கள். அதில் நியாயம் இருந்தது. ரப்பர் விலை இறங்கித் தோட்டத்தில் வேலை நாளைக் குறைத்திருந்த நேரம் வேறு. கலும்பாங்கிலிருந்து வந்து மனை கேட்டிருந்த ஒரு குடும்பம் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டது. அவர்கள் போன அன்று என் வீட்டுக்காரர் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. நான் கேட்கவில்லை. ஆனால் நாலைந்து சீனக் குடும்பங்களும் கடைத்தெருவில் இருந்த சிலரும் முனகிக்கொண்டே கட்டினார்கள். மழை விட்டதும் சிவப்பு மண் லோரி லோரியாக வந்தது. சேறு மறைந்தது. தவளைகள் எங்கே போயின என்று தெரியவில்லை.

மண் இறுகியபிறகு மாவட்ட ஆபீஸிலிருந்து தூங்குமூஞ்சி மரக் கன்றுகள் ஒரு லோரி நிறைய வந்தன. திடலில் நிழலுக்கு மரம் நடுங்கள் என்று வெள்ளைக்கார ஆபீசர் சொல்லி அனுப்பியிருந்தார். என் வீட்டுக்காரர் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பை நான் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. அவர் வெறும் பால்வெட்டி இல்லை. தோட்டத்தில் பழைய காட்டை அழித்துப் புதுக் கன்று நடும்போதெல்லாம் கயிறு பிடித்துக் குச்சி ஊன்ற அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பிடித்த நிரையில் ஒரு மரம்கூட விலகி நிற்காது என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரே சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய லயத்து ஆட்கள் அத்தனை பேரும் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். காலைப் பெரட்டில் பேர் கொடுக்க நிற்பதுபோல வரிசையாக நின்றார்கள், யாரும் நிற்கச் சொல்லவில்லை. இவர் கயிற்றை இழுத்துக் கட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக் குச்சி குச்சியாக ஊன்றிக்கொண்டே போனார். பின்னால் ஒருவர் குழி வெட்ட, இன்னொருவர் கன்றை வைக்க, அடுத்தவர் மிதித்து இறுக்க, சாயங்காலத்துக்குள் திடல் முழுவதும் நட்டு முடித்துவிட்டார்கள். மிச்சமாக ஒரு சாண் இடம் விடவில்லை. நான் பேசாதவள் என்பதால் தள்ளி நின்று பார்த்தேன். முன்னாலிருந்து பார்த்தாலும் நேர்க்கோடு, பக்கத்திலிருந்து பார்த்தாலும் நேர்க்கோடு, குறுக்காகப் பார்த்தாலும் நேர்க்கோடு. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கோபக்காரியாக இருந்தாலும் நான் அவர் பெண்சாதிதானே. அவ்வளவு அழகாக இருந்தது. அங்கே இருந்த நூறு பேரில் ஒருவருக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆபீசர் பெர்னாட்டோடு வந்தார். நாங்கள் வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த நேரம். ஆபீசர் திடல் ஓரத்தில் நின்று பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அடக்க முடியாத சிரிப்பு. இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பெர்னாட் தயங்கினார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளைங்க எங்க ஓடும், பந்து எங்க அடிக்கும்னு தொரை கேக்குறாரு.”

என் வீட்டுக்காரர் திரும்பித் திடலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. அது திடல் இல்லை. அது ஒரு ரப்பர் தோட்டம். மரம் நடு என்றால் நிரை பிடித்து நடுவதைத் தவிர எங்களுக்கு என்ன தெரியும்? வேறு எப்படியாவது யாராவது மரம் நட்டு நாங்கள் பார்த்திருக்கிறோமா? தவுக்கே கடையிலிருந்து எட்டிப் பார்த்து, எப்போது பால் வெட்டலாம் என்று மலாயில் சத்தம் போட்டுக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். அவர் கழுத்து நரம்பு இரண்டும் புடைத்திருந்ததை நான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் மூத்தார் அந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். “தம்பி அடுத்த வாரம் மரத்துக்கு நம்பர் போடப்போறான்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் வீடு, அவர் சிரிக்கலாம். என் வீட்டுக்காரர் சேலைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போனபோது அவர் முதுகு குலுங்கியது. சத்தமே வரவில்லை. வாயில் துண்டைத் திணித்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் வாய்விட்டு அழக்கூட வழியில்லாத வீட்டில் நான் இவரோடு பேசாமல் வேறு இருந்திருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு என் மேலேயே வெறுப்பாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்தேன். மெதுவாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மெதுவாகப் பேசிப் பேசி அலுத்துவிட்டது. வீடு முழுக்கக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

“நாளைக்கு வேல முடிஞ்சி நானும் வர்றேன். நடுவுல உள்ளத நீங்களும் நானும் புடுங்கிருவோம். ஓரத்துல நிக்கிறது நிக்கட்டும். ஒங்கள மாதிரி நேரா நட இந்த ஊருல எவன் இருக்கான்? சிரிக்கிறவங்களுக்குக் கயித்த ஒழுங்கா புடிக்கத் தெரியுமா?”

சேலைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. காளியம்மா அக்கா, “எல்லாரும் சாப்பிட வாங்க, ஆறிப்போவுது” என்றாள்.

மறுநாள் நாங்கள் இருவரும் போனோம். கொஞ்ச நேரத்தில் காளியம்மா அக்காவும் மண்வெட்டியோடு வந்தாள், பின்னாலேயே மூத்தாரும் வாயைத் திறக்காமல் வந்தார். ஓரத்தில் சுற்றிலும் ஒரு வரிசையை விட்டுவிட்டு நடுவில் இருந்த கன்றுகளை வேரில் மண்ணோடு தோண்டி எடுத்தோம். வேண்டியவர்கள் வீட்டுக்கு ஒன்றாக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு நிரையாக நாங்கள் எடுக்க எடுக்கப் பிள்ளைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் திடலின் ஒரு துண்டில் ஓடினார்கள். பிறகு பாதியில் ஓடினார்கள். பவளம் கடைசி வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்று என் வீட்டுக்காரர் கண்ணாலேயே எனக்குச் சொன்னார்.

பெர்னாட் எங்களைப் பார்க்க வந்தார். “அக்கா, அந்தக் கடைசி மனைய ராசாக்காரர் ஒருத்தர் கேட்டு எழுதியிருக்காரு. யாரு மொத காசு கட்டுறாங்களோ அவங்களுக்குத்தான். தீபாவளி வரைக்கும் அவருக்குக் கைல காசு இல்லையாம்.” ஒரு நிமிடம் நின்றார். “நான் சொல்லல, நீங்க கேக்கல” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

தீபாவளிக்கு அதிக நாள் இல்லை. எங்களிடம் பலகைக்கு இருந்தது, கட்டணத்துக்கு இல்லை. கட்டணத்தைக் கட்டினால் பலகைக்கு இருக்காது. கட்டணத்துக்குக் கை தூக்கியவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். திட்டுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. எனக்குத் திட்டத் தோன்றவில்லை. கைவசம் மிச்சம் ஒரே ஒரு கன்று இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய், அந்தக் கடைசி மனையின் ஓரத்தில் குழி வெட்டினேன்.

“யாரு மனைல யாரு நடுறது?” என்றார் அவர்.

“எவன் குடி வந்தாலும் அவனுக்கும் நிழலு வேணும்ல?”

அவர் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார். பிறகு குச்சிகளையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

“வாசல் எந்தப் பக்கம் புள்ள?”

கையைக் காட்டினேன். “திடலப் பாத்து.”

அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்துக் குச்சி ஊன்றினார். நாலு மூலை. கயிற்றை இழுத்துக் கட்டினார். முன்பக்கம் ஓர் ஆள் நுழைகிற அளவு இடைவெளி விட்டு இரண்டு பக்கமும் குச்சி வைத்தார். நேராக இருந்தது, கேட்கவா வேண்டும். நான் அந்த இடைவெளி வழியாக உள்ளே போனேன். தலையைக் குனிந்துகொண்டு போனேன், நிலைப்படி இடிக்குமே என்று. மண்ணில் உட்கார்ந்தேன். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திடலில் பிள்ளைகள், குழாயடியில் பெண்கள், கடையில் தவுக்கே, கோபுரத்தில் காவல்காரன், எல்லாருக்கும் எங்களைத் தெரிந்தது.

“கதவு தொறந்து கெடக்கு,” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் காற்றில் கையை வைத்து ஒரு பக்கமாகத் தள்ளினார். தள்ளிவிட்டுக் குனிந்து தாழ்ப்பாளையும் போட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தார். நான் அழுதேன். ஏழு வருடத்தில் முதல்தடவையாக வாய்விட்டு, சத்தமாக, சேலைத் தலைப்பைத் திணித்துக்கொள்ளாமல் அழுதேன். காட்டில் அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்காக அழுதேன், வராத பிள்ளைக்காக அழுதேன், அந்த ஐம்பது வெள்ளிக்காகவும் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையில் செம்மண் காய்ந்திருந்தது.

திடலில் ஏதோ சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். பிள்ளைகள் பந்து ஒன்றைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். பந்து தாறுமாறாக உருண்டு எங்கள் பக்கம் வந்தது. அதன் பின்னால் ஓடி வந்தது பவளம். எந்தச் சுவரையும் தொடாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, திடலின் நட்டநடுவில் ஓடி வந்தாள். என் வீட்டுக்காரர் என் கையை இறுக்கிப் பிடித்தார். காளியம்மா அக்கா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

பந்து கயிற்றுக்கு அடியில் உருண்டு எங்கள் வீட்டுக்குள் வந்து நின்றது. பவளமும் அதே வேகத்தில் கயிறுவரை வந்தாள். குனிந்து நுழைந்தால் எட்டிவிடலாம். அவள் நுழையவில்லை. கயிற்றைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பிறகு கயிற்றின் ஓரமாகவே சுற்றிக்கொண்டு, மூலையைத் திரும்பி, முன்பக்கம் அந்த இடைவெளிக்கு எதிரே வந்து நின்றாள். அவர் சாத்தியதை அவள் தூரத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும்.

“சின்னம்மா,” என்று மூச்சுவாங்கக் கூப்பிட்டாள்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.